முந்திப் பூத்தவை

அக்டோபர் 12

கம்பெனி கொடுத்த நோட்டு இது. வெப்பநிலை, மழை, முளைப்பு சதவீதம் மட்டும் எழுத வேண்டும் என்று உத்தரவு. மற்றதையும் எழுதப்போகிறேன். மேல்குண்டாற்றில் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. போனில் பேச வேண்டுமென்றாலும் சர்ச் மேட்டுக்கு ஏற வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து ஒன்றரை மணி நேரம் மேலே. முப்பத்திரண்டு வீடு. வயலைத்தான் இங்கே காடு என்கிறார்கள். எல்லார் காட்டிலும் கேரட். நான் அழகேசன், இருபத்தாறு வயது, பயிர் இனப்பெருக்கத்தில் எம்.எஸ்சி., விதைக் கம்பெனியின் தொழில்நுட்ப அலுவலர். அலுவலகம் என்பது ஒரு தகரக் கொட்டகை.

இன்று முப்பது கிலோ விதையும் கொடுத்து முடித்தாயிற்று. மேனேஜர் கேட்டது முப்பது. என் விதைப்பாத்தியில் ஒழுங்காக விளைந்தது அவ்வளவு இல்லை. எப்படிச் சரிக்கட்டினாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

கேரட்டுக்கு ஆயுள் இரண்டு வருடம். முதல் வருடம் கிழங்கு. ஒரு முழுக் குளிர்காலத்தைப் பார்த்த பிறகுதான் பூ. அதுவரை பூக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது அதன் மரபணு. சில செடிகளில் அந்தப் பிடி தளர்வாக இருக்கும். இரண்டு மூன்று வாரக் குளிருக்கே ஏமாந்து முதல் வருடமே பூத்தண்டு விட்டுவிடும். தண்டு எழும்பினால் கிழங்கின் நடுப்பகுதி விறகாகிவிடும், மாடுகூடக் கடிக்காது. அதனால் விதைப்பாத்தியில் ஒரே சட்டம்தான்: முந்திப் பூத்ததைக் கண்ட இடத்தில் பிடுங்கு. மகரந்தம் பறக்கும் முன் பிடுங்கு. இந்தக் குணம் தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும்.

போன சீசனில் நான் பிடுங்கவில்லை. அவற்றிலிருந்தும் விதை எடுத்து நல்ல விதையோடு கொஞ்சம் கலந்தேன். குளிர் கடுமையாக இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. இது ஆபத்து இல்லை, கணக்கு.

அக்டோபர் 15

விதைப்பு. இந்த ஊரில் ஒரு பைத்தியக்காரத்தனம். எங்கள் ஏஜென்ட் சவரியப்பன் வந்து முதல் பிடியைத் தூவாமல் யாரும் விதைப்பதில்லை. கைராசியாம். ஐம்பத்தைந்து வயது மனிதர் காலை ஆறு மணியிலிருந்து முப்பத்திரண்டு காட்டுக்கும் நடந்து ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு பிடி தூவிவிட்டு வந்தார்.

"அந்தக் கையில என்னண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"கையில என்ன சார் இருக்கு, காய்ப்புதான் இருக்கு. வெதை நல்ல வெதையா இருந்தா எந்தக் கையும் ராசிதான். இவங்ககிட்டச் சொன்னாக் கேக்கவா போறாங்க?"

விவசாயி மொக்கச்சாமியின் காட்டில் அவருடைய மச்சான் விதைத்த பாத்திமேல் தெரியாமல் கால் வைத்துவிட்டான். மொக்கச்சாமி மம்பட்டிக் காம்பால் முழங்காலில் ஒரே போடு. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாரும் வேலையை நிறுத்தவில்லை. மொக்கச்சாமி என் பக்கம் திரும்பி, "மொளைக்கலேன்னா ஒங்க மண்டை சார்" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 28

முளைப்பு 86 சதவீதம். மேனேஜருக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

நவம்பர் 11

பாத்திகளில் காட்டுப்பன்றி இறங்கியது. விடியும் நேரத்தில் ஊரே கத்தியது. போய்ப் பார்த்தபோது அது கல்கட்டுக்கும் வேலிக்கும் நடுவில் மாட்டியிருந்தது. ஒன்பது பேர். மம்பட்டி, அரிவாள், கடப்பாரை. அது செத்த பிறகும் ஐந்து நிமிடம் அடித்தார்கள். ரத்தம் பாத்தி வாய்க்காலில் ஓடியது. மொக்கச்சாமி மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆறு பாத்தியப் போட்டு ஒழப்பிருச்சுய்யா" என்றார். ஆறு பாத்திக்கு இது.

சவரியப்பன் தள்ளி நின்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். "அடிக்க ஆரம்பிச்சா இவங்களுக்கு நிறுத்தத் தெரியாது சார்" என்றார்.

நவம்பர் 29

குறைந்தபட்சம் 6 டிகிரி. இன்றிலிருந்து குளிர்மணி எண்ணுகிறேன். ஏழு டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. செடி குளிரை எண்ணும். எண்ணிக்கை நிறைந்தால் பூக்கும். அதற்கு நாள்காட்டி கிடையாது. நல்ல விதைக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். தளர்ந்த விதைக்கு இருநூறு போதும் என்று வைத்துக்கொள்கிறேன். அறுவடை ஜனவரி கடைசி. சாதாரண வருடமாக இருந்தால் தப்பிக்கலாம்.

டிசம்பர் 8

61 மணி.

டிசம்பர் 14

118. வேகமாக ஏறுகிறது. பகலில் வெயில் அடித்தால் கொஞ்சம் அழியும் என்று படித்திருக்கிறேன். வெயில் இல்லை. மூடுபனியும் காற்றும்தான்.

கணக்கை இன்னொரு முறை போட்டேன். கலந்தது "கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறேன். பதினொரு கிலோ. முப்பதில் பதினொன்று.

டிசம்பர் 20

மைனஸ் ஒன்று. உறைபனி. புல்மேடு முழுக்க உப்பு கொட்டினாற்போல. பீன்ஸ் கொடி எல்லாம் கறுத்துத் தொங்குகிறது. கேரட் இலை நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பார்த்து எல்லாருக்கும் சந்தோஷம். "கேரட்டு கில்லி சார், அசையல பாருங்க" என்றார் மொக்கச்சாமி. 189 மணி.

வெப்பமானியைக் கழற்றி எறிய வேண்டும் போலிருந்தது. எறிந்தால் குளிர் நிற்குமா என்ன? கொட்டகைக் கதவை உதைத்தேன். தகரம் பெயர்ந்து கணுக்காலைக் கிழித்துவிட்டது. நாலு தையல் வேண்டும். கீழே போக நேரம் இல்லை. துணியைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

டிசம்பர் 26

வந்துவிட்டது.

மொக்கச்சாமி காட்டில் ஏழாவது பாத்தியில் இலைக் கொத்தின் நடுவே விரல் தடிமனில் தண்டு. விடியற்காலை ஆள் வரும் முன் பிடுங்கினேன். ஒன்று, நான்கு, பத்து. வேர் பாதியில் அறுந்தால் கையால் தோண்டி எடுத்தேன். நாற்பத்தாறு. பிடுங்கியதையெல்லாம் மிதித்து ஓடையில் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் சவரியப்பன். கையில் கிறிஸ்துமஸ் முறுக்கு வைத்த தூக்குவாளி.

"என்ன சார் பிடுங்குறீங்க?"

"நோய். பரவும்."

அவர் தூக்குவாளியைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு பிடுங்க வந்துவிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. பத்து மணிக்கு டீக்கடையில் எல்லார் முன்னாலும், "படிச்ச பிள்ளை, பண்டிகை மறுநாளும் பனியில நின்னு நோவுச் செடியைப் பிடுங்குது, நீங்க போத்திப் படுத்துக் கெடக்குறீங்க" என்று ஏசினாராம். ஆறு பேர் வந்து நன்றி சொன்னார்கள்.

முறுக்கு நன்றாக இருந்தது.

டிசம்பர் 31

பிடுங்கியவை: 212. பிடுங்கித் தீராது. முப்பத்திரண்டு காடு, நான் ஒருவன்.

ஜனவரி 6

மறைக்க முடியவில்லை. எல்லாப் பாத்தியிலும் தண்டு. மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டியது பாதிக்கு மேல் இருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். போன வருடம் நான் விட்டுவைத்த செடிகளின் மகரந்தம், பக்கத்தில் பூத்து நின்ற இரண்டாம் வருட "நல்ல" செடிகளிலும் ஏறியிருக்கிறது. மீதிப் பத்தொன்பது கிலோவும் முழுக்க நல்ல விதை இல்லை. அது முதல் வருடப் பாடம். அந்தப் பாடத்தில் எனக்குத் தொண்ணூற்று நான்கு மார்க்.

மொக்கச்சாமி ஒரு தண்டை ஒடித்துக்கொண்டு வந்து என் மேசைமேல் போட்டார். "இதுவும் நோவா சார்?"

"குளிர் அதிகம்."

"பக்கத்து ஊர்லயும் இதே குளிருதான். அங்க ஒண்ணும் பூக்கல."

பேனாவைத் தேடினேன். அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஜனவரி 9

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கிடைத்தவரை விற்றுவிடலாம் என்று நேற்றே பறிக்க ஆரம்பித்திருந்தார்கள். காலை ஒன்பதுக்கு லாரி வந்தது. முதல் பதினைந்து மூட்டையைக் கேரட் கழுவும் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே இரும்புச் சட்டம் அடித்த பெரிய டிரம் ஒன்று மோட்டாரில் சுற்றும். உள்ளே தண்ணீர் பீய்ச்சும், கேரட் ஒன்றோடொன்று உரசி மண் கழன்றுவிடும். கழுவி வந்ததில் ஒன்றை எடுத்து வியாபாரி ஒடித்தான். ஒடியவில்லை. முழங்காலில் வைத்து ஒடித்தான். குச்சி முறிகிற சத்தம். உள்ளே வெள்ளையாகக் கட்டை. இன்னொன்று. இன்னொன்று. அவன் கையைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டான்.

மொக்கச்சாமி என்னைப் பார்க்கவில்லை. சவரியப்பனைப் பார்த்தார்.

"வெதைய மாத்திட்டியாடா?"

"மாமா, பாக்கெட்டு சீல்ல நான் கைகூட வைக்கல. ஒங்க கண்ணு முன்னாடிதான் பிரிச்சேன். என் காட்டுலயும் பூத்துத்தான் நிக்குது, வந்து பாருங்க."

"கள்ளன் தன் வீட்டுலயும் ஓட்டையப் போட்டுத்தான் வைப்பான். எவன்கிட்ட வித்த நல்ல வெதைய?"

ஒரு கேரட் பறந்து அவர் வாயில் பட்டது. பிறகு எல்லாரும் எறிந்தார்கள். கட்டைக் கேரட் கல் மாதிரி. நெற்றி கிழிந்தது. அவர் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "சார், நீங்க சொல்லுங்க சார். நோவுன்னு சொன்னீங்கல்ல, சொல்லுங்க" என்றார்.

"பரிசோதனை முடிவு வரணும்" என்றேன்.

அதைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"முடிவு என்ன முடிவு? இந்தக் கைதான முப்பத்திரண்டு காட்டுலயும் போட்டுச்சு" என்று மொக்கச்சாமி அவருடைய வலது கையைப் பிடித்தார். ஒன்பது பேர். அதே ஒன்பது பேர். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் கையைத் திணித்தார்கள்.

சத்தத்தை எழுத வரவில்லை. கேரட் ஒடிந்த சத்தம் என்று எழுதி அடித்துவிட்டேன். அப்படி இல்லை.

லூர்தம்மாள், அவருடைய மனைவி, பாதையிலிருந்து ஓடி வந்து மெஷினை நிறுத்தினார். வந்த வேகத்தில் என்னை இடித்ததில் என் போன் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. நான் கொஞ்சம் தள்ளித்தான் நின்றேன்.

காய்கறி ஜீப்பில் தூக்கிப்போட்டுக் கீழே கொண்டுபோனார்கள்.

ஜனவரி 10

காலையில் சர்ச் மேட்டுக்கு ஏறிப் போனில் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விதை கலந்ததையும்.

"இதை வேற யாருக்காவது சொன்னியா?"

"இல்ல சார்."

"குட். ரிப்போர்ட் எழுது. அசாதாரணக் குளிர். ஏஜென்ட் விதையைச் சரியா இருப்பு வைக்கல. ரெண்டே வரி. நாளைக்கு எனக்கு வேணும்."

எழுதிவிட்டேன். இரண்டாவது வரியை எழுதும்போது கணுக்கால் காயத்திலிருந்து சீழ் வடிந்தது. அதைச் சுத்தம் செய்துவிட்டு மீதியை எழுதினேன். அனுப்பவில்லை. மறுபடி சர்ச் மேட்டுக்கு ஏறக் கால் வலி.

ஜனவரி 12

ஆஸ்பத்திரிக்குப் போனேன். காயத்துக்குத்தான் போனேன். அப்படியே சவரியப்பன் இருக்கும் மூன்றாவது மாடிக்கும் போனேன்.

கை முழங்கை வரை கட்டு. இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள். மீதி மூன்றும் மடங்காது என்று நர்ஸ் சொன்னார். லூர்தம்மாள் படிக்கட்டிலேயே என்னை மறித்துக்கொண்டார்.

"மெஷின்ல தவறி விழுந்துட்டாருன்னுதான் எழுதிக் குடுத்திருக்கேன். நீங்க ஏதாச்சும் வாயத் தொறந்துறாதீங்க. பொங்கலுக்கு முந்துன நாள் ஊர்க்கூட்டம். எங்களை ஊரை விட்டுத் தள்ளணும்னு பேசிக்கிட்டிருக்காங்க. வீடு அங்க, காடு அங்க. எங்கம்மாவ அங்கதான் பொதைச்சிருக்கு. போலீசுன்னு போனா அன்னைக்கே கொளுத்திருவாங்க."

"அவர் விதையை மாத்தலைன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"எனக்கும்தான் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது?"

உள்ளே போய்ச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். முந்திப் பூத்தவை, பதினொரு கிலோ, மகரந்தம், எல்லாம். சவரியப்பன் கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"நோவுன்னு சொன்னீங்களே, அன்னைக்கி."

"பொய்."

"நானும் சேந்து பிடுங்குனேனே." கண்ணைத் திறந்தார். "எங்கிட்ட எதுக்குடா வந்து சொல்ற? நானா ஊரைக் கூட்டிருக்கேன்? போடா. போய் அங்க சொல்லுடா."

இதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

ஜனவரி 13

நாளை காலை கூட்டம். ரிப்போர்ட் பையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டது. ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினால் மதியம் வத்தலக்குண்டு, ராத்திரி வீடு. பையைக் கட்டி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 16

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். இடது கண் திறக்கவில்லை. கோடு கோணலாகப் போகும்.

பதினான்காம் தேதி பஸ் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று எனக்கே விளக்கத் தெரியவில்லை. பஸ் நின்றது, கிளம்பியது, நான் கையைக் காட்டவில்லை.

கூட்டம் சாவடியில். லூர்தம்மாள் ஓரமாக நின்றுகொண்டிருந்தார், தலையில் முக்காடு. "பொங்கல் கழிஞ்சு காலி பண்ணணும்" என்று பேச்சு முடிகிற நேரம். நான் நடுவில் போய் நின்றேன். பாடம் நடத்துகிற மாதிரிதான் பேசினேன். எனக்கு வேறு மாதிரி பேச வராது. செடிக்குள் பூவைப் பிடித்து வைக்கிற குணம், அது தளர்ந்த செடி, குளிர் அதை அவிழ்க்கிற விதம், அப்படிப்பட்ட செடியிலிருந்து நான் விதை எடுத்தது, கிலோக் கணக்கு. பாக்கெட்டுக்கு சீல் வைத்தது என் கை. சவரியப்பன் தூவியது நான் கொடுத்ததை.

நான் முடித்த பிறகு மொக்கச்சாமிதான் கேட்டார், ரொம்ப மெதுவாக.

"அப்ப அன்னைக்கி கொட்டகையில அந்தாளு ஒன்னையக் கேட்டாருல்ல? சொல்லுங்க சாருன்னு?"

"கேட்டார்."

"நீ சொல்லிருந்தா?"

"கை இருந்திருக்கும்."

முதல் அடி அவருடையது. மம்பட்டிக் காம்பு. தோளில் விழுந்தது. அடித்துக்கொண்டே அழுதார், "எங்களப் பாவத்துல தள்ளிட்டியேடா, தள்ளிட்டியேடா" என்று. மற்றவர்கள் அழவில்லை. விலா எலும்பு இரண்டு, கீழ்ப்பல் மூன்று, கண். கீழே கிடந்தபோது பன்றியை அடித்த ஐந்து நிமிடம் ஞாபகம் வந்தது. லூர்தம்மாள் போதும் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். செருப்புக் கால் ஒன்று முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவருடையதுதான். வாயில் ஒரு மிதி. பிறகுதான் "போதும், தூக்குங்க" என்றார். அவர் சொன்னதும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தத் தெரிந்திருக்கிறது.

என்னையும் என் பையையும் ஜீப்பில் ஏற்றும்போது காதில் விழுந்தது: சவரியப்பன் வீட்டுப் பேச்சை இனி யாரும் எடுக்கக் கூடாது, அவர் காட்டை ஊரே சேர்ந்து உழுது கொடுக்க வேண்டும் என்று. அது போதுமா என்று சவரியப்பனைத்தான் கேட்க வேண்டும். அவர் மூன்றாவது மாடி. நான் இரண்டாவது.

ஜனவரி 17

மேனேஜர் செய்தி: வேலையை விட்டு நீக்கம், உடனடியாக. ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டேன். ஒரு கையால் கிழிக்க நேரமாகிறது.

ஜனவரி 18

எஸ்.ஐ. வந்தார். வயதானவர், மூக்குக் கண்ணாடி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டார்.

"ஒன்னைய அடிச்சது யாரு?"

"அது வேண்டாம் சார். மேல சவரியப்பன்னு ஒருத்தர் இருக்கார். அவர் கை தவறி விழுந்து போகலை. அதை எழுதுங்க. இனி ஊருக்குப் பயப்பட வேண்டாம்னு, அவர் சம்சாரமும் நேத்து வந்து நடந்ததைச் சொல்றேன்னு சொல்லிட்டாங்க."

ஒன்பது பெயர் சொன்னேன். மொக்கச்சாமி முதலில். தகப்பன் பெயர் தெரிந்தவரை சொன்னேன். அவர் நிதானமாக எழுதினார்.

"மெஷினை நிறுத்துனது யாரு?"

"லூர்தம்மாள்."

"அந்தம்மா அப்ப எங்க இருந்துச்சு?"

"பாதையில. ஓடி வந்தாங்க. ஐம்பது அடி இருக்கும்."

"நீ?"

"உள்ளேதான்."

"உள்ளேன்னா? கொட்டகை பெருசு. ஸ்விட்ச் எங்க, நீ எங்க?"

தண்ணீர் குடித்தேன். பல் இல்லாத இடத்தில் கூசியது.

"ஸ்விட்ச் போர்டுல சாஞ்சுக்கிட்டு நின்னேன் சார். அந்தம்மா என்னைத் தள்ளிவிட்டுட்டுத்தான் அமுத்தினாங்க."

அவர் எழுதுவதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு நான் சொன்னதை அப்படியே எழுதினார். அட்டையைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு."

படித்தேன். சரியாக இருந்தது. போட்டேன்.